பெரியம்மாவின் ஒட்டு நோட்டு – சில குறிப்புகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழிக் கடைசியில் கோவில்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. வருஷம் திரும்பாததால் அந்த வீட்டில் பொங்கல் கிடையாது. ஆனாலும் வீட்டை ஒதுங்க வைக்கிற வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு உட்கார்ந்திருந்தார். வாரப் பத்திரிகைகள், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள், கரண்ட் பில் கட்டு எல்லாம் ஒரு பக்கம். அதற்கு மேலே நீளமாக, துணி பைண்டு போட்ட கனத்த நோட்டு ஒன்று.

"அது அத்தையோட ஒட்டு நோட்டு தம்பி. பாதி பூச்சி அரிச்சுப் போச்சு. வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார் மதினி.

எடுத்துக்கொண்டேன். எடை பார்த்து முடித்திருந்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. அந்த ஒன்றே முக்கால் கிலோவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் எழுதுவது கல்வெட்டு, நடுகல், பழைய ஊர்ப் பெயர் பற்றி. இந்தத் தடவை வீட்டுக்குள்ளே போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரேட்டின் மேல் ஒட்டியது

முதலில் அந்த நோட்டைப் பற்றி. அது உண்மையில் நோட்டு அல்ல, பேரேடு. பெரியப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.) கணக்கு முடிந்துபோன பேரேடு ஒன்றை 1957 வாக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அடுப்பெரிக்கவோ, பலகாரம் மடிக்கவோ போயிருக்க வேண்டியது. பெரியம்மா அதை வாங்கி, கணக்குகளுக்கு மேலேயே படங்களையும் கடிதாசிகளையும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

பழைய கணக்குப் புத்தகத்தின் மேல் ஒட்டுவது நம் வீட்டுச் சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு 'ஸ்கிராப் புக்'கின் வரலாற்றைப் படித்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் இதையேதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே செய்தித்தாள் மலிந்துபோன காலம் அது. பிடித்த கவிதை, சமையல் குறிப்பு, ஊர்க்காரர் மரணச் செய்தி எல்லாவற்றையும் வெட்டி, பயன்படாத கணக்குப் பேரேடுகள் மேலும் அரசாங்க அறிக்கைகள் மேலும் ஒட்டினார்கள். வெற்றுத்தாள் புத்தகம் வாங்கக் காசு வேண்டும். படித்து முடித்த அறிக்கை சும்மா கிடைக்கும். கணக்கு ஒன்றுதானே!

அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஓர் ஆதாரம், எழுத்தாளர் மார்க் ட்வைன். அவர் 1873-ல் 'தானே ஒட்டிக்கொள்ளும்' ஸ்கிராப் புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும். ஈரப்படுத்தி, துண்டை வைத்து அழுத்தினால் போதும். அந்தப் புத்தகம் நன்றாக விற்கவும் செய்தது. ஒரு பெரிய எழுத்தாளர், ஓர் எழுத்துகூட இல்லாத புத்தகத்தைப் போட்டுச் சம்பாதித்திருக்கிறார்.

பெரியம்மாவுக்கு ட்வைனின் பசை தேவைப்படவில்லை. வீட்டிலேயே பசை இருந்தது.

பசையும் லேபிளும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டும் வேலை உண்டு. ஆபீஸிலிருந்து சீவல் கட்டையும் தாளும் வரும். பெண்களும் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. பசை, மைதாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சியது. துத்தம் போட்டால் பசை புளிக்காது, பூச்சியும் அண்டாது.

நோட்டில் இதற்குச் சாட்சி இருக்கிறது. முதல் அறுபது எழுபது பக்கங்களில் ஒரு பூச்சிகூடக் கைவைக்கவில்லை. ஒட்டு வேலையை விட்ட பிறகு, சோற்றுப் பருக்கையையும் வெறும் மைதாவையும் வைத்து ஒட்டிய பின்பக்கங்களைத்தான் இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. மதினி 'பாதி' என்று சொன்னது சரியான கணக்குதான். பெரியம்மா எந்த இடத்தில் கூலி வேலையை நிறுத்தினார் என்பதைப் பூச்சி அரித்த பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம் போல.

முதல் பக்கங்கள் முழுக்கத் தீப்பெட்டி லேபிள்கள். அச்சில் வண்ணம் விலகிப்போய்க் கழித்துப் போட்டவை. மான், கிளி, தாமரை, கப்பல். இந்த லேபிள்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிள் வேண்டுமென்றால் வண்ண அச்சு வேண்டும். இப்படித்தான் மழை பெய்யாத கரிசல் காட்டில் அச்சுத் தொழில் வேரூன்றியது. லேபிளுக்குப் பிறகு காலண்டர், வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று அது பெருகியது. அந்தக் காலண்டர்களின் சாமி படங்களுக்குப் பேர்போன ஓவியர் கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில்தான் தங்கி வரைந்தார். அவருடைய மாணவர்களும் அந்த வட்டாரத்திலேயே வரைந்தார்கள். தமிழ்நாட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த லட்சுமி, முருகன் முகங்களில் பாதிக்கு மேல் இந்த ஊர்க் கைவண்ணம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் குழந்தைகள் ஒட்டி விளையாடவென்றே வண்ணப் படத்துண்டுகளைத் தாள் தாளாக அச்சடித்து விற்றார்கள். ஜெர்மன் அச்சகங்கள் அதில் கொடிகட்டிப் பறந்தன. எங்கள் ஊரில் அது கழிவாகவே கிடைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது படங்களைப் பற்றி அல்ல. ஒவ்வொரு லேபிளுக்குப் பக்கத்திலும் பென்சிலில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கிறது. "இன்னைக்கி 3 குரோஸ்." "மழை. பசை காயலை." "தங்கச்சி வந்தா. 2 தான்." "காச்சல்." ஓர் இடத்தில் "4 குரோஸ். கை எரியுது" என்று இருக்கிறது. எரிச்சல் துத்தத்தால்தான் இருக்க வேண்டும். முதலில் இவற்றை நான் படிக்கவே இல்லை. லேபிள் அச்சு எந்தக் காலம் என்று பார்ப்பதிலேயே கண்ணாக இருந்தேன். அந்தப் புத்திதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

பொங்கல் வாழ்த்து

லேபிள்களுக்கு அடுத்து பொங்கல் வாழ்த்து அட்டைகள். இருபது வயதுக்குள் இருக்கும் வாசகர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, பொங்கல் பானை, ஏர் பிடித்த உழவர், காளை, பிறகு தலைவர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி. யாருக்கு எந்த அட்டை என்று தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

அட்டை அனுப்பும் பழக்கம் வெளியிலிருந்து வந்தது. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் 1843-ல் அச்சடிக்க வைத்ததைத்தான் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தமிழர்கள் தங்கள் திருநாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பொங்கலைச் சாதி சமயம் கடந்த தமிழர் திருநாளாக முன்னிறுத்திய இயக்கங்களுக்கு இந்த அட்டை கைகொடுத்தது. தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பவர்கூடப் பொங்கலுக்குத்தான் அட்டை போட்டார். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல அது ஒரு வழி.

பெரியம்மாவின் நோட்டில் உள்ள அட்டைகளில் ஆறு, ஒரே ஆளிடமிருந்து வந்தவை. என் மாமா. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் பிறந்தவர். 1961-ல் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். நான் பிறப்பதற்கு முன்பே, 1967-ல், அங்கேயே இறந்துபோனார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே வேறு பேச்சுக்கு மாறிவிடும்.

ஆறாவது அட்டை மற்றவை மாதிரி இல்லை. அச்சு அருமையாக இருந்தது. பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று எனக்கு ஆசை. மற்ற ஐந்தையும் ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டியிருந்தார் பெரியம்மா. தூக்கிப் பார்க்கலாம். இதை மட்டும் முழுக்கப் பசை தடவி அழுத்தி ஒட்டியிருந்தார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினேன். படம் பொறித்த மேல்தாள் மட்டும் அழகாகக் கழன்று வந்தது. பின்பக்கம் பேரேட்டோடு தங்கிவிட்டது. அதில் மாமா ஊற்றுப்பேனாவில் எழுதியிருந்திருக்கிறார். ஆவி பட்டதும் நீல மை கரைந்து ஓடிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடியது. ஒற்றுத்தாள் தேடி எடுத்து வருவதற்குள் நீலத் திட்டு மட்டும்தான் மிச்சம். மேலே ஓரத்தில் ஒரே ஒரு சொல் தப்பியது: "அக்காவுக்கு".

அச்சகத்தின் பெயர் அதில் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அதுல என்ன எழுதியிருந்தான்னு அக்காவுக்குத்தான் தெரியும். அவளும் போயிட்டா" என்று மட்டும் சொன்னார்.

அந்த அட்டையின் படம் ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. இன்றைக்கும் எங்காவது ஒரு பெட்டியில், ஒரு சேகரிப்பாளரிடம் இன்னொன்று இருக்கும். அந்தக் கையெழுத்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எது அரிது, எது சாதாரணம் என்பதை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

பத்திரிகையில் இல்லாத பெயர்

அதற்குப் பிறகு ஆறு மாதம் நோட்டைத் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது ஒட்டியதை விட்டுவிட்டு எழுதியதை மட்டும் படித்தேன். அப்போதுதான் பெரியம்மாவின் கல்யாணப் பத்திரிகை கண்ணில் பட்டது. 1956. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் தெரிகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி அழைப்பது தாத்தா பெயரில். கீழே சித்தப்பா, மாமன், பங்காளிகள் என்று ஆண்கள் வரிசை. பெண்ணைப் பெற்ற என் ஆச்சியின் பெயர் எங்கும் இல்லை.

பெரியம்மா அதைப் பென்சிலால் சேர்த்திருக்கிறார். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஆச்சியின் பெயர். அதற்கும் கீழே, "அம்மாவைப் பெத்தவ, கலியாணத்துக்கு வந்திருந்தா" என்று எழுதி இன்னொரு பெயர். அது என் பூட்டியின் பெயர். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கே தெரியாது! "எங்களுக்கு அவ எட்டயபுரத்தாச்சிதான்" என்றார். ஊர்ப் பெயரே ஆள் பெயராகிவிட்ட கிழவி. பட்டாவில் இல்லை. பத்திரத்தில் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் பெயர் எழுத்தில் இருப்பது அந்த ஒரு பென்சில் கோட்டில் மட்டும்தான். அதை இங்கே போட மாட்டேன். அது வீட்டு நோட்டில் இருந்தால் போதும்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அல்ல. 1951–52-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிந்திருந்தார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களில் நடந்தது இது. ஆனால் 'எட்டயபுரத்தா', 'கணக்குப்பிள்ளை வீட்டம்மா' என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமான செய்தி இல்லை.

அதனால்தான் ஒட்டு நோட்டு எனக்கு இப்போது ஒரு பொழுதுபோக்காகத் தெரியவில்லை. அரசாங்கக் கணக்கிலும் அச்சிலும் இடம் கிடைக்காதவர்கள் தாங்களே திறந்துகொண்ட பதிவேடு அது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் வில்லியம் டார்சி என்ற கறுப்பினத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறக்குறைய 400 ஒட்டுப் புத்தகங்களை உருவாக்கினார். தன் மக்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எங்கெங்கோ சிதறி வந்த செய்திகளை வெட்டி எடுத்து ஒன்றுசேர்த்தார். அந்நகரக் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதப் பிற்கால ஆய்வாளர்களுக்கு அந்தப் புத்தகங்கள்தான் சுரங்கம். டார்சியிடம் பத்திரிகை இருந்தது. பெரியம்மாவிடம் பென்சில் இருந்தது.

ஸ்டுடியோ படம்

நோட்டில் போட்டோக்கள் குறைவு, ஒன்பதுதான். எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தவை. அம்மாவின் சடங்குப் படம் ஒன்று இருக்கிறது. பூச்சடை வைத்து நிற்கிறார். பின்னால் ஆளுயரக் கண்ணாடி. முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் சடையும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் கையாண்ட உத்தி அது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமணத் தம்பதி, ஏன் இறந்தவரை நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்துச் சுற்றத்தார் நிற்கும் படம்வரை ஸ்டுடியோக்காரர்கள் எடுத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, இப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்வடிவில் சேர்த்திருக்கிறார்கள். போட்டோ கிடைத்துவிடும். படத்தில் இருப்பவர் யார் என்பதுதான் பல நேரம் கிடைக்காது.

அம்மாவின் படத்துக்குக் கீழே பெரியம்மா எழுதியிருப்பது: "பூ என் காசு. சடை தைச்சது நான். 6 மணி நேரம்." அந்தப் பூவுக்கான காசு எத்தனை குரோஸ் என்று முன்பக்கங்களைப் புரட்டிக் கணக்குப் போட முயன்றேன். வரவில்லை. ஆனால் அவர் அதைப் பெட்டி ஒட்டித்தான் சம்பாதித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒட்டாமல் விட்ட பக்கம்

மாமாவின் மணியார்டர் கூப்பன்கள் தனியாக ஐந்து பக்கங்கள். மணியார்டர் படிவத்தின் அடியில், பணம் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுத ஒரு சின்னத் துண்டு இருக்கும். தபால்காரர் பணத்தோடு அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மொத்தம் 41 கூப்பன். 15 ரூபாய், 20 ரூபாய். "நலம். தங்கச்சி பீசுக்கு." "இந்த மாதம் குறைவு. அடுத்த மாதம் சேர்த்து." "இங்கே மழை நிற்கவில்லை." 41 துண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு மனிதர் தெரிகிறார். அதிகம் பேசாதவர், கணக்கில் சுத்தம், தங்கச்சி மேல் உயிர். வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத மாமாவை அந்தத் துண்டுகள் சொல்லின.

கடைசிக் கூப்பன் 1967 ஆகஸ்ட். அடுத்து இறந்த செய்தி சொல்லும் தந்தி இருக்க வேண்டும். இல்லை. அதுவும் வழக்கம்தான். துக்கச் செய்தி சொல்லும் கடிதாசியைப் படித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பார்கள். கருமாதிப் பத்திரிகைக்கும் அதே கதிதான். நம் குடும்பங்களில் கல்யாணத் தேதி தெரியும், இறந்த தேதி தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூப்பன்களுக்கு அடுத்த பக்கம் வெறும் பேரேடு. எதுவும் ஒட்டவில்லை. விரல்கடை இடம் இருந்தாலும் ஒரு லேபிளையோ சாமி படத்தையோ ஒட்டிவிடுகிற பெரியம்மா, அந்த ஒரு பக்கத்தை முழுசாக விட்டிருக்கிறார். குச்சி, மெழுகு, தாள், கூலி என்று பெரியப்பாவின் கையெழுத்தில் யாருடைய கணக்கோ தெரிகிறது. அதற்கடுத்த பக்கத்தில் 1968 காலண்டர் முருகன்.

தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டியிருக்கலாம். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. அட்டையைப் பிய்த்த கையோடு அந்தப் பக்கத்தையும் ஏதாவது செய்திருப்பேனோ என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

நெருப்பும் தராசும்

உ.வே.சா. தம் 'என் சரித்திர'த்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, பழுதுபட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோம நெருப்பில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு மனம் நொந்துபோகிறார். எங்கள் ஊரிலிருந்து அந்த ஊர் ரொம்பத் தூரமில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் 'எப்பேர்ப்பட்ட மடத்தனம்' என்று கொதித்தவன் நான். எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. பயன் முடிந்த புனிதப் பொருளை மரியாதையாக வழியனுப்புகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். மதினியும் கெட்டவர் அல்ல. பூச்சி அரித்த நோட்டை வீட்டில் வைத்தால் மற்றதும் கெடும் என்று நினைத்தார். நானோ ஆராய்ச்சி செய்கிறேன் என்று நினைத்தேன். மூன்றில் எது கூடுதல் சேதம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொரு வகை மனிதர்களும் இருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. நோட்டீஸும் அழைப்பிதழும் ஆவணம் என்று நாம் இன்றைக்குச் சொல்ல முடிவது அவரைப் போன்றவர்களால்தான்.

உங்கள் வீட்டில் இருந்தால்

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். ஆவி, தண்ணீர், பிளேடு எதுவும் வேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்தில், வெயில் நேரடியாகப் படாமல், பக்கம் முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு பகுதி பகுதியாகப் படம் எடுங்கள். செல்போன் போதும். பென்சில் எழுத்து தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து எடுங்கள், பள்ளம் தெரியும்.

செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்குவது அதன் பிறவிக் குணம். மரக்கூழில் உள்ள லிக்னினும், தாளில் சேர்ந்துள்ள அமிலமும்தான் காரணம். அதைத் தடுக்க செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப்பின் கோந்து பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பிளாஸ்டிக் மூடிய, தானே ஒட்டும் ஆல்பங்களில் பழைய படங்களை வைப்பதும் அப்படித்தான். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, ஈரமில்லாத அலமாரியில் படுக்கைவசமாக வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலில், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த விசேஷம். 'அத்தை', 'ஆச்சி' என்று எழுதாதீர்கள். பெயரை எழுதுங்கள். உங்களுக்கு அத்தை, உங்கள் பேத்திக்கு அவர் யார்?

நோட்டை இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதினி அதற்கு ஒரு வெள்ளைத்துணி உறை தைத்து வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால், மாமாவின் ஆறாவது அட்டை இருந்த பக்கத்தில், நீலத் திட்டுக்குக் கீழே, நானும் பென்சிலில் இரண்டு வரி எழுதினேன். இந்த அட்டையைப் பிய்த்துக் கெடுத்தது யார், எந்தத் தேதியில், ஏன் என்று. கீழே என் பெயர். அதுவும் அந்த நோட்டின் வரலாற்றில் சேர்ந்ததுதானே. ஒட்டாமல் விட்ட பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை.